சண்டேசர் திருமுன் விரிக்கும் கை

திருச்சிற்றம்பலம்.



பெருவிழாவின் ஐந்தாம் நாளாகிய இன்று இரவு பஞ்சமூர்த்திகள் திருவீதி எழுந்தருள உள்ளனர். முன்னே மூத்த பிள்ளையார் வருவார். அவர் பின் இளைய பிள்ளையார். நடுவே சோமாஸ்கந்தப் பெருமான் இடப வாகனத்தில் எழுந்தருள்வார். அடுத்து உலகீன்ற அம்மை. எல்லார்க்கும் பின்னே, சிறிய சப்பரத்தில், கூட்டம் கலையத் தொடங்கும் வேளையில் ஒருவர் வருவார். அவரே சண்டேசுர நாயனார். சோமாஸ்கந்தருக்குத் தீபாராதனை ஆனவுடன் நம்மிற் பலர் வீட்டுக்குள் சென்றுவிடுகின்றோம். கடைசியில் வருபவரை வீதியில் நின்று வணங்குவோர் சிலரே.

திருக்கோயிலுக்கு உள்ளும் அவருக்கு இருப்பிடம் கடைசியிலேதான். கருவறைக்கு வடபுறத்தில், கோமுகைக்கு அருகில், தென்முகம் நோக்கி அவர் வீற்றிருக்கின்றார். வலம் வருவோர் மற்ற திருமேனிகளையெல்லாம் கண்டு வணங்கிய பின்னரே அவர்தம் சந்நிதியை அடைவர். அங்கே நாம் செய்வது என்ன? சிலர் உரக்கக் கை தட்டுகின்றனர். கேட்டால், அவர் தியானத்தில் இருக்கிறார், எழுப்புகிறோம் என்பர். சிலர் உடுத்திய ஆடையிலிருந்து நூலைப் பிரித்துப் போடுகின்றனர். இவை இரண்டும் பொருள் மறந்து போன செயல்கள். பெரியோர் நமக்குச் சொல்லிய முறை வேறு. இரு கைகளையும் மெல்லத் துடைத்து அவர் திருமுன் விரித்துக் காட்டுதல் வேண்டும். "ஐயனே, தேவரீர் காவலில் உள்ள இத்திருக்கோயிலிலிருந்து அடியேன் எதனையும் எடுத்துச் செல்லவில்லை, வெறுங்கையோடு போகின்றேன்" என்பதே அச்செயலின் பொருள்.

இவ்விரித்த கையின் பொருளையே இன்று நாம் சிந்திக்க விழைகின்றோம்.

சேய்ஞலூர்ப் பிள்ளை

சண்டேசர் யார்? சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணத்துள் விரித்துரைத்த வரலாற்றைச் சுருங்கக் காண்போம். மண்ணியாற்றங்கரையில் உள்ளது திருச்சேய்ஞலூர். அவ்வூரில் எச்சதத்தன் என்னும் அந்தணனுக்கு மகவாய்ப் பிறந்தவர் விசாரசருமர். ஒருநாள் ஆனிரையோடு செல்லும்போது, முட்ட வந்த பசுவொன்றை மேய்ப்பவன் கோலால் அடித்ததைக் கண்டார். உள்ளம் பதைத்தார். அவனை விலக்கி, இந்நிரையை இனி நானே மேய்ப்பேன் என்றார். ஊர் அந்தணர்தம் இசைவைப் பெற்ற பின்னரே கோலைக் கையில் எடுத்தார். இவ்விசைவு என்னும் செய்தியை நாம் மறத்தல் ஆகாது. பசுக்கள் அவருடையன அல்ல, ஊராருடையன. ஒப்படைக்கப்பட்ட பொருளை ஒப்புக்கொண்டவராகவே அவர் நின்றார்.

புல் நிறைந்த இடம் கண்டு மேய்த்தார், நல்ல துறையில் நீர் ஊட்டினார், நிழலில் இளைப்பாற்றினார், பொழுது சாயுமுன் அவரவர் இல்லம் சேர்த்தார். பசுக்கள் அழகிலும் பாலிலும் பெருகின. அன்பு மிகுதியால் தாமே பால் சொரியவும் தொடங்கின. அப்பாலைக் கண்டபோது விசாரசருமருக்குத் திருமஞ்சன நினைவு எழுந்தது. ஆத்தி மரத்தின் கீழே மணலால் சிவலிங்கத் திருமேனி அமைத்து, அப்பாலைக் கொண்டு ஆட்டினார். இவ்விடத்தில் சேக்கிழார் பெருமான் ஒன்றைத் தெளிவாகக் கூறியுள்ளார்: உடைமையாளர் இல்லங்களில் கறக்கும் பாலின் அளவு சிறிதும் குறையவில்லை. பூசைக்கு ஆனது நல்ல பரிபாலனத்தால் பெருகி வந்த மிகுதியே.

பின் நிகழ்ந்ததை நீவிர் அறிவீர். எவனோ ஒருவன் கோள் சொன்னான். தந்தை குரா மரத்தில் மறைந்திருந்து பார்த்தார்; வெகுண்டு வந்து அடித்தார்; பாற்குடத்தைக் காலால் இடறினார். அங்கே கிடந்த கோலை விசாரசருமர் எடுக்க, அது மழுவாயிற்று. இறைவன் வெளிப்பட்டு அவரை மகனாக ஏற்றார், தொண்டர்க்கெல்லாம் தலைவனாக்கினார், தாம் உண்டதும் உடுத்ததும் சூடியதும் அவருக்கே உரியன என்று அருளித் தம் கொன்றை மாலையைச் சூட்டினார். கங்கைகொண்ட சோழபுரத்தில் இராசேந்திர சோழன் எடுப்பித்த திருக்கோயிலில் இவ்வருட்காட்சி கல்லில் நிற்கின்றது.

அன்பர்களே, அப்பதவி அவருக்கு ஏன் கிடைத்தது என்று கேட்டால், தந்தையின் காலை வெட்டியதால் என்று அவசரமாக விடை கூறுவோர் உளர். அதற்கு முன்னே நெடுநாள் நடந்த மேய்ச்சலை நாம் எண்ணுதல் வேண்டும். பசுவை நலிவியாமல் காத்தவர். உடையவர்க்கு அளவு குறையாமல் கொடுத்தவர். பெருகிய மிகுதியில் ஒரு துளியையும் தம் வாய்க்குக் கொள்ளாதவர். இம்மூன்றும் உடையவரிடத்தன்றோ கருவூலத் திறவுகோலைக் கொடுக்கலாம்?

சாவா மூவாப் பேராடு

சோழப் பேரரசர் காலத்தில் கோயில்களின் கொடுக்கல் வாங்கல் சண்டேசர் பெயரால் நடைபெற்றது. இராசராச சோழன் எடுப்பித்துக் கி.பி. 1010இல் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஊர்ச் சபையார் ஆதிசண்டேசுர தேவரிடம் காசு பெற்றதாகவும், அதற்கு ஆண்டுதோறும் பொலிசை செலுத்த ஒப்பியதாகவும் எழுதப்பட்டிருக்கின்றது. 8 காசு பெற்றவர் ஆண்டுக்கு 1 காசு பொலிசை தருதல் வேண்டும். தாம் கொடுத்ததையும், தம் தமக்கையார் கொடுத்ததையும், தேவியர் கொடுத்ததையும், பிறர் கொடுத்ததையும் கல்லில் வெட்டுக என்று அம்மன்னன் ஆணையிட்டான். பெருமை பேசுதற்காக மட்டும் அவ்வாறு செய்தான் என்று நாம் கருதவில்லை. பிற்காலத்தார் எவரேனும், இப்பொருள் எங்கே போயிற்று என்று கேட்பதற்கு ஆதாரம் வேண்டும் அன்றோ?

அக்கல்வெட்டுகளில் நந்தாவிளக்குக்கு வைத்த அறம் ஒன்றைச் சொல்வோம். இரவும் பகலும் அணையாத ஒரு விளக்குக்கு நாள் ஒன்றுக்கு 1 உழக்கு நெய் வேண்டும். 4 உழக்குக் கொண்டது 1 நாழி. ஆகவே ஓராண்டுக்கு 91 நாழியும் 1 உழக்கும் ஆயிற்று. இதன் பொருட்டு 96 ஆடுகளை இடையரிடம் விட்டனர். ஆட்டுக்கு ஈடாக 48 பசுக்களையோ 16 எருமைகளையோ விட்டதும் உண்டு. இவ்வாறு விட்ட ஆட்டுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர் வைத்தார்கள். சாகாத, மூப்படையாத ஆடு என்று பொருள்.

ஆடு சாகாமல் இருக்குமா? மூப்படையாமல் இருக்குமா? ஒவ்வோர் ஆடும் மூத்தது; செத்தது. ஆனால் 96 என்னும் எண் சாகவில்லை. குட்டிகளால் மந்தையை நிறைத்து, முதல் குறையாமல் வைத்து, நெய்யை மட்டும் அளந்து தர வேண்டும் என்பதே ஏற்பாடு. இடையரும் நட்டப்படவில்லை. மிகுந்த பாலும் குட்டியும் அவர் குடும்பத்தை வாழ்வித்தன. முதலை அழிக்காதே, விளைவை நுகர், நுகரும்போதும் முதலில் கடமைக்கு அளந்து கொடு. இதனை நெடிய நூல் எழுதி விளக்காமல் ஓர் ஆட்டுக்கு இட்ட பெயரிலேயே அடக்கி வைத்தனர் நம் முன்னோர்.

இவ்வுண்மை ஆட்டுக்கு மட்டும் உரியதன்று. குளத்து நீர் சாவா மூவாப் பேராடு. விளைநிலத்தின் மண் சாவா மூவாப் பேராடு. ஆற்று மணலும் அவ்வாறே. மழையால் ஊறி வரும் அளவே நெய். அடியில் நிற்கும் நீரும் மணலும் மந்தை. ஒரே தலைமுறையில் மந்தையை அடித்துத் தின்றுவிட்டு, விளக்கு ஏன் அணைந்தது என்று பேரப் பிள்ளைகளைக் கேட்பது எவ்வாறு பொருந்தும்?

கணக்குக் காட்டாதவர்

உத்தரமேரூர்க் கல்வெட்டுகளையும் இங்கே எண்ணுதல் தகும். அவை முதற் பராந்தக சோழன் காலத்தன, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய வாரியங்களுக்குக் குடவோலையால் ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையை அவை விரிவாகக் கூறுகின்றன. ஏரியைக் காப்பதற்கென்றே ஒரு வாரியம் இருந்தது என்பது சிந்திக்கத்தக்கது. ஓலையில் பெயர் எழுதப்படுதற்கு வயது 35க்கு மேல் 70க்குள் இருத்தல் வேண்டும். நிலமும் மனையும் கல்வியும் வேண்டும். அதைவிடக் கடுமையானது ஒன்று உண்டு. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் இடப்படாது. அவர் பெயர் மட்டுமா? அவருடைய நெருங்கிய உறவினர் பெயர்களும் இடப்படா.

இஃது என்ன கொடுமை, ஒருவன் செய்த பிழைக்கு மாமனும் மைத்துனனும் என்ன செய்வர் என்று தோன்றலாம். ஆனால் பொதுப்பொருளைத் தின்பவன் தனியே உண்பதில்லை. வீடு முழுவதும் உண்கின்றது. வீட்டார் கேட்டிருந்தால் அவன் கை நீண்டிராது. 'சிவன் சொத்து குல நாசம்' என்னும் பழமொழியைச் சாபமாக எண்ணிப் பலர் அஞ்சுகின்றனர். அதனைச் சாபம் என்பதினும் நடப்பு என்று கொள்வது பொருந்தும். கோயில் நெல்லால் வளர்ந்த பிள்ளை, பிறர் பொருளைத் தன் பொருளாக எண்ணும் பழக்கத்தைச் சோற்றோடு சேர்த்து உண்கின்றது. அதன்பின் குலம் கெடுதற்குத் தனியே ஒரு சாபமும் வேண்டுமோ?

கோட்புலியாரும் பஞ்சமும்

இங்கே கடினமான ஒரு வினா எழுகின்றது. அதனை மறைத்துச் செல்லுதல் முறையன்று. நாட்டியத்தான்குடியில் தோன்றியவர் கோட்புலி நாயனார், சோழர் படைத்தலைவர். போரில் பெற்ற ஊதியத்தையெல்லாம் சிவபெருமான் திருவமுதுக்கு நெல்லாக்கிக் கூடு கட்டிச் சேர்த்தார். அரசன் ஏவலால் போர்க்களம் செல்லும்போது, தாம் வருமளவும் வேண்டும் நெல்லை வைத்து, இதனைத் தொடாதீர் என்று சுற்றத்தாரிடம் தனித்தனியே ஆணையிட்டுச் சென்றார். பஞ்சம் வந்தது. இறப்பதினும் இந்நெல்லை உண்டு பிழைப்போம், பின்னர்க் கொடுத்துவிடுவோம் என்று சுற்றத்தார் கூட்டைத் திறந்தனர். மீண்டு வந்த நாயனார் அனைவரையும் வாளால் வீழ்த்தினார்; குழந்தையையும் விடவில்லை. இறைவன் வெளிப்பட்டு, அவர் கைவாளால் பாசம் அறுத்த அனைவருக்கும் நற்கதி அளித்து, அவரைத் தம்முடன் அழைத்துக்கொண்டார்.

பசித்தவன் உண்டதற்கா இத்தண்டனை என்று தாய்மார்கள் நம்மிடம் பலகாலும் கேட்டதுண்டு. கேட்பது நியாயமே. இதனை ஆராயும்போது வேறிரு வரலாறுகளையும் உடன் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

இளையான்குடி மாற நாயனார் மழையிரவில் வந்த அடியார்க்கு அமுது செய்விக்க, அன்று விதைத்த முளைநெல்லை வாரிக்கொண்டு வந்தார். விறகின்றி வீட்டு வரிச்சை அறுத்துக் கொடுத்தார். விதையை உண்ணக் கொடுத்தவரை நாயனார் என்கின்றோம். ஏனெனில் அவ்விதை அவருடையது. தம் முதலை அவர் பிறருக்காக இழந்தார். கோட்புலியார் சுற்றமோ பிறர் முதலைத் தமக்காக எடுத்தது.

இனித் திருவீழிமிழலை. அங்கும் பஞ்சம். திருஞானசம்பந்தப் பெருமானும் திருநாவுக்கரசு சுவாமிகளும் அடியார் வாட்டம் கண்டு வருந்தியபோது, இறைவன் தாமே கிழக்குப் பீடத்தும் மேற்குப் பீடத்தும் நாள்தோறும் ஒவ்வொரு காசு வைத்தருளினார். பறையறைந்து அனைவரையும் அழைத்துச் சோறிட்டனர் அப்பெருமக்கள். அன்று வந்த காசு அன்றே சோறாயிற்று. இறைவன் பசித்தவர்பால் இரக்கம் இல்லாதவன் அல்லன் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? இதில் நுட்பம் ஒன்றும் உண்டு. சம்பந்தப் பெருமான் பெற்ற காசுக்கு வாசி கொடுக்க வேண்டியிருந்தது. அப்பரடிகள் பெற்றதற்கு வாசி இல்லை. உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்தவர் அப்பர். ஆகலின் அக்காசு குறைவின்றிச் செல்லுபடியாயிற்று என்பர் பெரியோர்.

ஆகவே, கோயில் பொருள் பசித்தவர்க்குப் பயன்படலாகாது என்பது சைவத்தின் கொள்கையன்று. கோயிலே ஊருக்கு அன்னசாலை. பெற்று உண்பது வேறு; மறைவில் எடுத்து உண்பது வேறு. 'பின்னர்க் கொடுத்துவிடுவோம்' என்னும் சொல்லே கோட்புலியார் வரலாற்றில் நம்மைச் சுடும் சொல். உலகில் பொதுப்பொருளை எடுத்த எவனும், கொடுக்கமாட்டேன் என்று சொல்லி எடுத்ததில்லை.

வாளைப் பற்றியும் சொல்லிவிடுவோம். தம் ஊதியம் முழுவதையும் முன்னமே கொடுத்துவிட்டவர் எடுத்த வாள் அது. நம் கைக்கு அவ்வாள் உரியதன்று. கோயில் மனையில் கூரை வேய்ந்து வாழும் ஏழையின் முன் கோட்புலியாராகக் கண் சிவந்து, அதே கோயிலின் கடைத்தெருவில் சிறு வாடகைக்கு இடம் பெற்று, அதனைப் பெருந்தொகைக்கு உள்வாடகை விடுபவரை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துகின்றோமே, இது எந்த நாயனார் வழி? அவ்வாளை நாம் எடுப்பதாயின், முதலில் நம் ஆசையின் மேல் வீசுதல் வேண்டும்.

நமக்கு ஒப்படைத்தவை

சட்டம் காவல் செய்யாதோ எனின், செய்கின்றது. 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டப்படி, உரிய இசைவின்றிக் கோயிலின் அசையாச் சொத்தை விற்றலும், ஒற்றி வைத்தலும், 5 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுதலும் செல்லா. ஆயினும் சட்டம் பத்திரத்தைக் காக்கும், மரக்காலைக் காக்குமோ? குத்தகை நெல்லை அளக்கும்போது ஈரத்தையும் பதரையும் கலப்பதைத் தடுக்கும் காவலன் அளப்பவன் நெஞ்சிலேதான் இருத்தல் வேண்டும்.

சித்தாந்தம் கூறுவது யாது? தனு, கரணம், புவனம், போகம் ஆகிய நான்கும் இறைவன் உயிர்க்கு இரங்கி மாயையினின்றும் தோற்றுவித்துக் கொடுத்தவை. இவ்வுடம்பும், மனமும், வாழும் உலகும், நுகரும் பொருளும் நாம் ஈட்டியவை அல்ல. பயன்கொண்டு திருப்பித் தருதற்குப் பெற்றவை. எனவே சிவன் சொத்து என்பது கோயில் மதிலுக்குள் முடிவதன்று. ஊரணியும் சிவன் சொத்து. சாலையோரத்து மரமும் சிவன் சொத்து. நம் வீட்டு அரிசிப் பானையும் அவ்வாறே. மடைப்பள்ளிப் பரிசாரகர் ஒருவரை நாம் இளமையில் கண்டிருக்கின்றோம். படியைத் தலைதட்டி அளப்பார். கீழே சிந்திய அரிசியைக் கூட்டி எடுத்துக் குருவிக்கு வைப்பார். அதன் பின்னரே உலை ஏற்றுவார். அவர் நூல் பல கற்றவர் அல்லர். ஆயினும் தனு கரண புவன போகத்தின் பொருளை அவர் கை அறிந்திருந்தது.

குளத்தைப் பற்றிச் சொல்லாமல் முடித்தல் ஆகாது. திருவாரூரில் கோயிலுக்கு நிகரான பரப்புடையது கமலாலயத் திருக்குளம். அது தூர்ந்து குறைந்திருந்த காலத்தில் அதனைக் கல்லப் புகுந்தவர் தண்டியடிகள். அவருக்குப் புறக்கண் இல்லை. குளத்துக்குள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டுக் கயிறு கட்டினார். அக்கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்குவார். மண்ணை வெட்டிக் கூடையில் நிரப்புவார். கயிற்றைப் பற்றியே ஏறிக் கரையில் கொட்டுவார். அயலார் எள்ளினர், கயிற்றையும் தறியையும் பறித்தனர். அவர் தளரவில்லை. இறைவன் அவருக்குக் கண் அளித்தான். குளம் தூர்ந்ததைக் காணக் கண் இல்லாதவர் ஒருவர் கண்டார். இரண்டு கண்ணும் உடைய நாம் நம் ஊர்த் திருக்குளத்தின் வடகரையில் கிடக்கும் பிளாஸ்டிக் பைகளையும், அடைபட்ட நீர்வரத்துக் காலையும் நாள்தோறும் கடந்து செல்கின்றோம்.

இவ்விழாவை ஒட்டிச் சில விண்ணப்பங்களை உங்கள் முன் வைக்கின்றோம். அபிடேகத்துக்குப் பால் கொண்டுவருவோர் குருக்களிடம் கேட்டு வேண்டும் அளவே கொண்டுவருக. அன்பின் நிறைவு குடங்களின் எண்ணிக்கையில் இல்லை. மிகுதியைக் காய்ச்சிக் குழந்தைகளுக்கு வழங்க ஏற்பாடு செய்க. அன்னதானத்தில் இலையில் வேண்டுமளவே கேட்டு வாங்குக. பரிமாறுவோரும் கேட்டு இடுக. கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுவோர், வாடகைக்கு இருப்போர், நிலுவை இருப்பின் தாமே சென்று ஒரு பகுதியையேனும் செலுத்தத் தொடங்குக. இயலாத வறுமை உடையவர் அதனை வெளிப்படையாகக் கூறித் தவணை கேட்க நாணற்க. அறங்காவலர் பெருமக்கள் விழா முடிந்த ஒரு திங்களுக்குள் வரவு செலவைக் கோயில் வாயிலில் எழுதி ஒட்டுக. கேட்பதற்கு முன் கணக்குக் காட்டுவோர்க்கு ஊரில் உண்டாகும் மதிப்பு, எந்தப் பொன்னாடையினாலும் உண்டாவதன்று. தெப்பத் திருநாளுக்கு முன் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, இளைஞர்கள் மண்வெட்டியோடும் கூடையோடும் திருக்குளத்து வடகரையில் கூடுக. முதுமை காரணமாகக் கூடை சுமக்க இயலாவிடினும், நாமும் அங்கே வந்து நீர்வரத்துக் காலில் முதற் பையை எடுப்போம்.

இன்று இரவு, சோமாஸ்கந்தப் பெருமான் சென்ற பின்னும் வீதியில் சற்று நில்லுங்கள். கடைசியில் வரும் சிறிய சப்பரம் உங்கள் வாயிலைக் கடக்கும்போது இரு கைகளையும் விரித்துக் காட்டுங்கள். கோயிலிலிருந்து மட்டுமன்று, ஆற்றிலிருந்தும், குளத்திலிருந்தும், அயலான் வரப்பிலிருந்தும், வரப்போகும் பிள்ளைகளின் பங்கிலிருந்தும் எதுவும் அக்கைகளில் ஒட்டியிருக்கவில்லை என்று சொல்லும் துணிவை அம்மையப்பர் நம் அனைவருக்கும் அருளுவாராக.

மழை வழாது பெய்க! குளங்கள் நிறைக! கொடுத்தோர் அறம் குறையாது விளங்குக!

திருச்சிற்றம்பலம்.